பேராவூரணிக்காரனின் வலது காது

முதல் நாள் நாங்கள் இருவரும் வகுப்பறைக்குள் நுழைந்ததும் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வாத்தியார்கள் என்று நினைத்துவிட்டார்கள். எங்களுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஒட்ட வெட்டிய தலை, மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. என் பக்கத்தில் நின்றவன் சிரித்துக்கொண்டே கையமர்த்தி, "உக்காருங்கப்பா, நாங்களும் படிக்கத்தான் வந்திருக்கோம்" என்றான். அவன் குரல் எப்போதுமே தேவைக்கு மேல் ஓங்கித்தான் வரும். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். மன்னார்குடியில் எங்கள் கல்லூரிப் படிப்பு அப்படித்தான் தொடங்கியது.

பட்டாளத்தில் ஆளுக்கு ஊர்தான் பெயர். அவன் பேராவூரணி, நான் மன்னார்குடி. இருவரும் ஒரே பீரங்கியைச் சுற்றி நின்று வேலை செய்தவர்கள். அவன் குண்டு ஏற்றுவான், நான் குறிபார்க்கும் கருவியில் கண்ணை வைத்திருப்பேன். கிழக்கு எல்லையில் சண்டை மூண்டபோது பீரங்கி ஓயாமல் முழங்கியது. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுதான் இருந்தது. சண்டை முடிந்த பிறகு எங்களுக்கெல்லாம் காதுக்குள் இருந்த இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. அவனுக்கு இடது காது திரும்பி வரவே இல்லை. வலது காதில் பாதி மிஞ்சியது. ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினார். எனக்கும் அந்த வருடமே சேவைக்காலம் முடிந்தது.

படிக்க வேண்டும் என்பது அவன் யோசனை. நாங்கள் தங்கியிருந்த பாரக்ஸில் மற்றவர்கள் சீட்டாடும்போது அவன் கட்டிலில் சாய்ந்து பாடப்புத்தகம் படிப்பான். பட்டாளத்திலேயே நடத்தும் பள்ளிப் பரீட்சையை அவன் எழுதினான், என்னையும் எழுத வைத்தான். நான் மாட்டேன் என்றபோது ஒருமுறை சொன்னான்: "இதோ பாரு மன்னார்குடி, நம்ம பக்கத்துல ஒருத்தன் சொல்லு எடுபடணும்னா ஒண்ணு நிலம் இருக்கணும், இல்ல படிப்பு இருக்கணும். உனக்கு நிலம் வரப்போறதில்ல."

அவன் சொன்னது சரிதான். நான் பிறந்தது மன்னார்குடிக்கு வடக்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த கூலிக்காரத் தெருவில். என் அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தே செத்தவர். அந்தப் பண்ணைக்குப் போகப் பிடிக்காமல்தான் நான் பட்டாளத்துக்கு ஓடினேன். அவனுக்குப் பேராவூரணியில் தென்னந்தோப்பு இருந்தது, தம்பிகள் இருந்தார்கள், சாதியிலும் எங்களுக்கு மேலே. ஊரில் இருந்திருந்தால் நாங்கள் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டோம். பட்டாளம் எங்களை ஒரே பாத்திரத்தில் சாப்பிட வைத்துவிட்டது.

நான் ஊர் திரும்பியபோது தெரு மாறியிருந்தது. டீக்கடை வாசலில் ஆளுங்கட்சியின் கறுப்பு சிவப்புக் கொடி, தெரு முனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி. நாங்கள் குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அப்பா காலத்தில் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போகவேண்டியதுதான். இப்போது யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் வயல் அவர்களிடமேதான் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்கு மேலே இருந்தவை எல்லாம் உறவுக்காரர்கள் பேரிலும் கோயில் பேரிலும் மாறியிருந்தன. ஒவ்வொரு அறுப்புக்கும் கூலித் தகராறு. என் மனைவி சங்கத்தில் சேர்ந்திருந்தாள். நான் லீவில் வரும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பவள், இப்போது கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாள்.

"நீங்க காலேஜுக்குப் போங்க. வயலைப் பத்தி நாங்க பாத்துக்கறோம்" என்று அவள்தான் என்னை அனுப்பினாள்.

கல்லூரியில் எங்களுக்கு மிலிட்டரி அண்ணே என்று பெயர் விழுந்தது. பையன்கள் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஆளுங்கட்சி இரண்டாகப் பிரிந்திருந்த சமயம், மாணவர்களும் இரண்டாகப் பிரிந்து மேடை போட்டுப் பேசுவார்கள். எங்கள் பக்கம் வாங்கண்ணே என்று இரண்டு பக்கமும் கூப்பிடுவார்கள். நான் எங்கேயும் போகவில்லை. எனக்கு வேறு கஷ்டங்கள் இருந்தன. வாத்தியார் பெயர் கூப்பிட்டால் விறைப்பாக எழுந்து நின்று தொலைப்பேன், உட்காரச் சொல்லும்வரை உட்காரத் தெரியாது. ஒரு விஷயத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று அவர்கள் சொல்லும்போது மனம் ஏற்காது. எது உத்தரவு என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருக்கும். கதவுக்கு முதுகு காட்டி உட்காரவும் முடியவில்லை.

அவனுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. யோசிப்பதற்கென்றே பிறந்தவன் மாதிரி இருந்தான். கேட்பதுதான் முடியவில்லை. முதல் பெஞ்சில், வலது காதை வாத்தியார் பக்கம் திருப்பி, சாய்ந்தபடியே உட்காருவான். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வாயசைவு தெரியாமல் பாதி வாக்கியம் போய்விடும். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, விட்டுப்போனதைக் கேட்பான். அவன் புரிந்துகொண்டு எனக்கே திருப்பிச் சொல்லும்போதுதான் பாடம் எனக்கு விளங்கும்.

அவன் குடியிருந்த அறை தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடி. நான் அங்கே போய்வருவதைப் பார்த்த வீட்டுக்காரர், வருகிற ஆள் எந்தத் தெரு என்று அவனிடம் விசாரித்தார். அவன் சொன்னான். அந்த மாதமே காலி செய்யும்படி ஆனது. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் எதுவும் கேட்காமல் தன் கடை மாடியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வருவது அதிகமானது. என் மனைவி அவனுக்கு எதிரே போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "அண்ணே, சாப்புடுறீங்களா?" என்பாள். "நீ பேசினா முழுசா கேக்குது தங்கச்சி. இவன் முணுமுணுன்னு பேசுறான்" என்பான்.

பி.யூ.சி.யை இருவரும் தாண்டினோம். பி.ஏ. வரலாறு சேர்ந்தோம். அந்த வருடம்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் வரலாற்று விரிவுரையாளர் எங்களைவிட வயதில் சிறியவர், நல்ல மனிதர். ஒருநாள் ஏதோ ஒரு ஐரோப்பியச் சண்டையைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். பீரங்கி என்ற சொல் வந்ததும் அவருக்கு எங்கள் ஞாபகம் வந்தது. மரியாதை செய்யத்தான் நினைத்தார். அவனைப் பார்த்து, "நம்ம வகுப்புலேயே போர் பாத்தவங்க இருக்காங்க. நீங்க சொல்லுங்க, போர்ல நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார்.

அவன் எழுந்து நின்றான். வெளியே வேறொரு வகுப்பு கலைந்து சத்தமாக இருந்தது. அவன் காதில் 'ஊர்ல' என்று விழுந்திருக்கிறது.

"தேங்கா வியாபாரம் சார்" என்றான், அவனுடைய உரத்த குரலில். "நல்ல காய்ப்பு. தம்பிங்க பாத்துக்கறாங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கடைசி பெஞ்சில் யாரோ மேசையைத் தட்டினார்கள். முதல் நாள் சிரித்த மாதிரி அவனும் சிரிக்கப் பார்த்தான். ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் மெல்ல வாயசைத்து 'போர்' என்றேன். அவன் முகம் அப்படியே வெளிறிப்போனது. விரிவுரையாளர் கையைத் தட்டி வகுப்பை அடக்கினார், "மன்னிச்சுக்குங்க, நான் தெளிவா கேக்கலை" என்றார். அவன் "பரவாயில்ல சார்" என்று சொல்லி உட்கார்ந்தான். மணி அடிக்கும்வரை ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ராவுத்தர் கடை மாடிக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"சின்னப் பசங்கய்யா, அதுங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"பசங்களைச் சொல்லலை. நல்லாத்தான் சிரிச்சாங்க. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்தச் சண்டையைப் பத்தி என்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. முதமுதல்ல ஒருத்தர் கேட்டாரு. எனக்குக் கேக்கலை."

அதற்கு மேல் அவனைக் கல்லூரிக்கு இழுக்க என்னால் ஆகவில்லை. விரிவுரையாளரே ஒருநாள் தேடி வந்து பேசிப் பார்த்தார். "வர்றேன் சார்" என்றான். வரவில்லை. பேராவூரணிக்கும் போகவில்லை. பட்டதாரியாகத்தான் திரும்புவேன் என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டு வந்தவன்.

சம்பா கதிர் முற்றிவரும் நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். எங்கள் பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவர், களத்துக்குக் காவலாக ஒரு பட்டாளத்துக்காரரைத் தேடியிருக்கிறார். துப்பாக்கி அவருடையது, லைசென்ஸில் இவன் பெயரையும் சேர்த்துவிட்டார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "அண்ணே, அது எங்க ஆளுங்க அறுக்கிற பண்ணை. இந்த வருசம் கூலி கூட்டித் தரலன்னா அறுக்க மாட்டோம்னு சொல்லியிருக்கோம். உங்களை எதுக்கு வெக்கிறாங்கன்னு தெரியுதா?"

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "களத்துல நெல்லு இருக்கும் தங்கச்சி, நான் இருப்பேன். யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கப்போறதில்ல. எனக்கு அது போதும்."

அவள் தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் போன பிறகு, "பாவம், அந்த அண்ணன் ஒளிஞ்சுக்க இடம் தேடுது" என்றாள்.

பொங்கல் முடிந்து கல்லூரி திறக்காமல் இருந்த நாள் ஒன்றில், காலையிலேயே அறுப்புக்கு வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. பின்னால் போலீஸ் வேன். எங்கள் தெருப் பெண்களும் ஆண்களும் போய் வயலுக்கு இறங்கும் பாதையில் உட்கார்ந்தார்கள். பாதைக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் மிராசுதாரின் களம். நானும் கிளம்பினேன். என் மனைவி தடுத்தாள்: "நீங்க வரக்கூடாது. கேஸு ஆச்சுன்னா படிப்பு போச்சு. எங்களுக்குன்னு எழுதப் படிக்க ஒருத்தராவது வெளியில இருக்கணும்." சங்கத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள். நான் மதகடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

களத்தில் அவன் துப்பாக்கியோடு நின்றான். போலீஸ் அதிகாரி எழுந்து போகச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது மிராசுதாரின் காரியக்காரர் களத்துக்கு ஓடி, அவனிடம் ஏதோ கத்தினார். அவனுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் வானத்தைக் காட்டிச் சுடு என்று கையால் சைகை செய்தார்.

அவன் காரியக்காரரைப் பார்த்தான். பிறகு பாதையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். என் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். அவன் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டாக்களை எடுத்துக் காரியக்காரர் கையில் கொடுத்தான். துப்பாக்கியை வைக்கோல்மேல் பதனமாக வைத்தான். களத்திலிருந்து இறங்கி நடந்து வந்து, என் மனைவிக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு லத்தி சுழன்றது. பெண்கள் வாய்க்காலில் விழுந்து கரையேறினார்கள். என் மனைவிக்கு முழங்கையில் அடி. பிடித்துக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். துப்பாக்கியைச் சங்கத்துக்காரர்களிடம் கொடுக்கப் பார்த்தான் என்று மிராசுதார் தரப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மற்றவர்களோடு வைக்காமல் அவனைத் தனியாக வைத்தார்கள்.

நான் சைக்கிளில் மன்னார்குடிக்குப் போய் விரிவுரையாளரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். என் தெருவைச் சொன்னதும் ஏட்டு என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார். விரிவுரையாளர்தான் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"அவரு எங்க காலேஜ் மாணவர் சார். முன்னாள் ராணுவத்தினர்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எரிச்சலாக இருந்தார். "எந்த நாட்டு ராணுவம்? யாரு சொல்லிச் செஞ்சேன்னு காலையிலேருந்து கேக்குறோம். வாயத் தொறக்க மாட்டேங்கிறான். முறைச்சு முறைச்சு மூஞ்சியப் பாக்குறான். திமிரு."

"திமிரு இல்லைங்க சார், அவனுக்குக் காது கேக்காது" என்றேன். "வாயசைவைத்தான் பாக்குறான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்குக் காலம்பற வரைக்கும் காவல் காத்திருக்கான். காது கேக்காதவன் எப்படிய்யா காவல் காத்தான்?"

 விரிவுரையாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைசியில் பார்க்க விட்டார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலது கன்னம் வீங்கி, காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது. கேள்வி கேட்டவர்கள் முன்னால் நின்று கேட்டிருந்தாலாவது புரிந்துகொண்டிருப்பான். பின்னால் நின்று கேட்டுவிட்டு, பதில் வராததற்குக் காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள். நான் கம்பிக்கு வெளியே குந்தி, "பேராவூரணி" என்றேன். அவன் என் உதட்டைப் பார்த்தான்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுய்யா" என்றான்.

கத்தினேன். ஸ்டேஷனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையை மெல்ல ஆட்டினான். "சரி, விடு. தங்கச்சிக்கு அடி பலமா?"

ஜாமீனில் வெளியே வந்ததும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, அவனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். நான் சொல்வதற்கு முன்பே, என் முகத்தைப் பார்த்தே அவன் தெரிந்துகொண்டான். வரும் வழியில், பஸ் வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது, "இனிமே நீ முணுமுணுத்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லி என் தொடையில் தட்டினான். அவன் குரல் பஸ் முழுவதும் கேட்டது. அவனுக்குத் தெரியவில்லை.

அந்த அறுப்பு முடிவதற்குள் பேச்சுவார்த்தை நடந்து கூலி கொஞ்சம் ஏறியது. சில மாதம் கழித்து அரசாங்கம் வழக்குகளைக் கைவிட்டது. அவன் மீதான வழக்கும் அதோடு போனது. தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். என் மனைவி ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், சாப்பிடவில்லை. அதற்கு முன்பே அவன் பேராவூரணிக்குப் போய்விட்டிருந்தான். தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்தேன். என் தெரு தெரிந்தும் அந்தத் தம்பி எனக்குக் கும்பிடு போட்டார்.

நான் தனியாக முதல் பெஞ்சில் உட்கார்ந்து பி.ஏ. முடித்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று நான் சொன்னதில்லை, பையன்களே அப்படி விட்டுவிட்டார்கள். பிறகு பி.எட். முடித்ததும், தஞ்சாவூரை அடுத்த பாபநாசம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் முதல் வாத்தியார் நான்தான். மாலை போட்டார்கள். விரிவுரையாளர் வந்திருந்தார். என்னை வாழ்த்திவிட்டு, "உங்க நண்பர் பரீட்சை எழுதியிருந்தா உங்களைவிட நல்லா எழுதியிருப்பார்" என்றார். அது உண்மை என்பதால் எனக்கு வருத்தமில்லை. அதை அவனிடம் யாராவது சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

ஒரு கோடை விடுமுறையில் நானும் மனைவியும் பேராவூரணிக்குப் போனோம். தோப்புக்குள் கட்டியிருந்த சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். இளநீர் வெட்டிக் கொடுத்தான். தபால் வழியில் பட்டம் படிக்கலாம் என்று அவன் வைத்திருந்த சிலேட்டில் நான் எழுதிக் காட்டினேன். வகுப்புக்குப் போக வேண்டாம், யாரும் பேசுவதைக் கேட்க வேண்டாம், புத்தகம் வீட்டுக்கே வந்துவிடும். அவன் படித்துப் பார்த்து யோசித்தான்.

"படிக்கலாம்" என்றான். "பாடம் எனக்குக் கஷ்டமில்ல. படிச்சதைப் பத்தி யார்கிட்டப் பேசுறது? நீ அங்க இருக்கே."

"நான் மாசாமாசம் வர்றேன்" என்று எழுதினேன்.

"வேலையப் பாருய்யா" என்று சிரித்தான். என் மனைவி எதிரே போய் நின்று, வாயைத் திறந்து, எங்களோடு வந்து இருங்கண்ணே என்று கேட்டாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான். புரிந்தது என்று எனக்குத் தெரியும். புரியாதவன் மாதிரி தோப்பில் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாதாமாதம் போக முடியவில்லை. போகும்போதெல்லாம் ஏதாவது புத்தகம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் படித்தான். அதைப் பற்றிப் பேசுவது மட்டும் வரவரக் குறைந்தது. பேசாமலே இருந்ததில் குரலும் தேய்ந்தது. ஓங்கிப் பேசியவன், கடைசி முறை போனபோது கிசுகிசுப்பாகப் பேசினான். நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனான். தேங்காய் லாரியில் வந்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. தம்பி எங்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். "ரெண்டு நாள்தாங்க படுத்தாரு. யாரையும் கூப்புடலை" என்றார். என் மனைவி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிட முடியாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தம்பி மனைவி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பட்டுக்கோட்டை வழியாகப் பஸ் மாறி ஊர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு வரலாறு. போய் நடத்தினேன்.